பவளக்கொடி வீட்டு இன்வெர்ட்டர் திறப்பு விழா

ஒரு காட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஐந்து முட்டைகளுக்குத் தாயான பவளக்கொடி என்ற காட்டுக்கோழி தொலைபேசியை எடுத்து, "லைன்ல வேலை நடக்குது, வந்துடும்" என்றது.

அதுதான் அதன் உத்தியோகம். காட்டு மின்சார அலுவலகத்தின் புகார் மையத்தில் ஒன்பது வருடமாக இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கி வந்தது. எந்த லைன், என்ன வேலை, யார் செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி யாரும் சொன்னதுமில்லை. ஆனால் அந்த 'வந்துடும்' இருக்கிறதே, அதில் ஒரு குழைவு இருந்தது. கோபத்தோடு கூப்பிட்ட யானைகூட, "அவசரமில்லம்மா, மெதுவா வரட்டும்" என்று சொல்லி வைத்துவிடும்.

அன்றைக்கு எதிர்முனையில் இருந்தது அதன் வீட்டுக்காரர், தாண்டவராயன் என்ற சேவல்.

"சரிங்க மேடம், நன்றி" என்று சேவல் போனை வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் இரண்டுக்கும் உறைத்தது. மறுபடி மணி அடித்தது.

"பவளம், நான்தான். கரண்ட் போயிடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். பக்கத்து மரத்துலயும் இல்ல. எட்டிப் பார்த்துட்டேன்."

சேவலின் குரலில் பாதி நிம்மதி இருந்தது. அந்தக் காட்டு வழக்கம் அப்படி. கரண்ட் போனால், மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன்னால் வெளியே கழுத்தை நீட்டிப் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கேயும் இருட்டு என்றால் அது மின்தடை, பொறுத்துக்கொள்ளலாம். அங்கே மட்டும் விளக்கு எரிந்தால் அது அநியாயம், பொறுக்க முடியாது.

"பக்கத்து மரத்தை விடுங்க. பெட்டி என்ன ஆச்சு?"

"ஆறிக்கிட்டு இருக்கு."

பெட்டி என்றால் அடைகாக்கும் பெட்டி. பவளக்கொடியின் வம்சத்தில் மின்சாரத்தால் அடைகாப்பது அதுவே முதல் தடவை. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அடைகாப்பு விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தது. விடுப்புப் பிரிவில் இருந்தது ஆமை. ஒருகாலத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததிலிருந்து ஆமை எந்த வேலைக்கும் அவசரப்படுவதில்லை. நிதானம்தான் தன்னை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது என்று கேட்காதவர்களிடமும் சொல்லும். ஆகவே சாயங்காலம் முதல் காலை வரை பவளக்கொடி முட்டைகள் மேல் உட்காரும், அலுவலக நேரத்தில் அந்த வேலையைப் பெட்டி பார்க்கும். பெட்டியில் சூடு இருக்கும்வரை குஞ்சுகளுக்கு உயிர் இருக்கும். கோடை பிறந்ததும் கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை போக ஆரம்பித்தது. முட்டைக்குள் குஞ்சுகள் அசைய ஆரம்பித்திருந்த நேரம். இன்னும் ஒரு வாரம் பத்து நாளைத் தாண்டிவிட்டால் போதும்.

"நீங்க கொஞ்ச நேரம் மேல உட்காருங்களேன்" என்றது பவளக்கொடி.

"சேவல் அடைகாத்தா காடு என்ன பேசும்? தவிர எனக்கு இடுப்பும் சரியில்ல. நீ கவலைப்படாதே. நான்தான் இன்வெர்ட்டரைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கேனே."

அந்த ஆராய்ச்சி முட்டை போடுவதற்கு முன்பே தொடங்கியது. கழுத்தில் ஒலிவாங்கி மாட்டிய ஒரு கீரி, போனில் வரும் வீடியோக்களில் எது சிறந்தது என்று விளக்கும். ஒரு வீடியோவில் சிறந்ததாக இருந்தது அடுத்த வீடியோவில் பணத்துக்குப் பிடித்த கேடாக இருக்கும். சேவல் இரண்டையும் நம்பியது.

"கரண்ட் போனா வீடியோ பார்க்க முடியல பவளம். அதனாலதான் ஆராய்ச்சி இழுக்குது."

பவளக்கொடி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஓட்டமும் பறத்தலுமாக வீட்டுக்குப் போய், கரண்ட் வரும்வரை முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் சேவலையும் இழுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியது.

வழியில் பக்கத்து மரத்துத் தூக்கணாங்குருவி சொர்ணம் கூட்டிலிருந்து தலையை நீட்டியது.

"இன்வெர்ட்டரா வாங்கப் போறீங்க அக்கா? எதுக்கு வீண் செலவு? களிமண்ணை உருட்டி நாலு மின்மினியை ஒட்டி வைங்க. எங்க வீட்ல காலங்காலமா அதான்."

"வெளிச்சம் வரும். சூடு வருமா?"

"சூடு வராது. இப்பல்லாம் மின்மினியும் முந்தி மாதிரி இல்ல அக்கா. ராத்திரி பத்து மணிக்கு மேல ஓவர்டைம் கேக்குது." சொர்ணம் சேவலை மேலும் கீழும் பார்த்தது. "ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? பகல்ல அண்ணன் சும்மாத்தானே இருக்காரு. அவரை உட்கார வெச்சா இன்வெர்ட்டரே வேண்டாமே."

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சமயம் பார்த்துத் தாண்டவராயனுக்கு வானத்தில் ஏதோ முக்கியமான மேகம் கண்ணில் பட்டுவிட்டது.

கடைக்காரர் வண்ணமுத்து என்ற பச்சோந்தி. ஜெனரேட்டர் பக்கம் நின்று பேசும்போது டீசல் கறுப்பாக இருந்தது.

"ஜெனரேட்டர்னா ராஜா மாதிரி மேடம். எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லேன்னாலும் கவலையில்ல. கயிறைப் புடிச்சு ஒரு இழு, அவ்வளவுதான்."

"சத்தம் வருமா?"

"மலைக்கு அந்தாண்டை வரைக்கும் கேக்கும். அவ்வளவு நல்ல மோட்டார்."

"முட்டை இந்த வீட்லதான் இருக்குன்னு பாம்புக்கெல்லாம் தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். வேற காட்டுங்க."

பச்சோந்தி மெல்ல மஞ்சளாகி, சூரியத் தகடுகள் பக்கம் நகர்ந்தது.

"அப்போ சோலார். வெயில் இலவசம். கூரை மேல வெயில் படணும், அது ஒன்னுதான் கண்டிஷன்."

"கூரை மேல மரம் இருக்கே."

"வெட்டிடலாம்."

"எங்க வீடே அந்த மரத்துப் பொந்துலதான் இருக்கு."

பச்சோந்தி ஒரு நிமிடம் யோசித்தது. "அதனால என்ன? வெட்டினப்புறம் நல்லா வெயில் படும்."

தாண்டவராயன், "நியாயமாத்தான் படுது" என்றது. பவளக்கொடி அதன் காலை மிதித்தது.

கடைசியில் பச்சோந்தி பாட்டரி நீலத்துக்கு மாறி, இன்வெர்ட்டரைத் தடவிக் கொடுத்தது. சத்தமில்லை, புகையில்லை. கரண்ட் போனால் கண் சிமிட்டும் நேரத்தில் தானே வேலை செய்யும். அடைகாக்கும் பெட்டி ஒரு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும், தாராளமாக ஆறு மணி நேரம் தாங்கும். பவளக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேசி முடித்தாகிவிட்டது.

"ஒரே ஒரு சின்ன விஷயம் மேடம்" என்றது பச்சோந்தி. "பாட்டரி புதுசு. முதல் தடவை முழுசா சார்ஜ் ஏறணும். ஒரு நாள் முழுக்க, நடுவுல கரண்ட் போகக் கூடாது. போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணும்."

"கரண்ட் போகாத இடத்துலதான் இது வேலை செய்யுமா?"

"அங்கே ரொம்ப நல்லா வேலை செய்யும் மேடம். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல."

புதன்கிழமை மாட்டினார்கள். அன்று மூன்று தடவை கரண்ட் போனது. வியாழக்கிழமை காலையில் இரண்டு தடவை. பாட்டரி மேலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு பச்சையாக மாறவே இல்லை. பவளக்கொடி ஒவ்வொரு முட்டையாகக் காது வைத்துக் கேட்டது. நான்கில் கீறல் சத்தம் இருந்தது. ஐந்தாவதில் ஒன்றுமில்லை. மறுபடி வைத்துக் கேட்டது. அதன் பிறகு அலுவலகம் போய், வந்த போனுக்கெல்லாம் "வந்துடும்" என்று சொன்னது. முதல் தடவையாக அதன் குரல் கொஞ்சம் உடைந்தது. கேட்டவர்கள் அதையும் குழைவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது பக்கத்து அறையில் உதவிப் பொறியாளர் நல்லசிவம் என்ற நரி, கம்பம் ஏறும் குரங்குகளை வரிசையாக நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சிங்கராஜா மேட்டுக்காட்டுல குளம் திறக்க வர்றார். அந்த லைன்ல எவனாவது கை வெச்சீங்க, சாயங்காலம் வால் இருக்காது."

பவளக்கொடி எழுந்து போய் வாசலில் நின்றது. "சார், ராஜா வர்ற இடத்துல கரண்ட் போகாதா?"

"அவர் பொறந்ததுலேர்ந்து கரண்ட் போய்ப் பார்த்ததே இல்லம்மா. அவர் எதிர்ல கரண்ட் போச்சுன்னா, அதுக்கு முன்னாடி நான் போயிடுவேன்."

அன்று சாயங்காலமே பவளக்கொடி வெற்றிலை பாக்குத் தட்டோடு சிங்கத்தின் குகை வாசலில் நின்றது. சிங்கராஜா திறப்பு விழா என்றால் மறுக்க மாட்டார். அந்த வருடத்தில் மட்டும் ஏற்கெனவே திறந்திருந்த இரண்டு பாலங்களையும் ஒரு புற்றையும் திறந்து வைத்திருந்தார். இன்வெர்ட்டர் என்றால் என்னவென்று கேட்காமலே சம்மதித்துவிட்டார்.

தாண்டவராயனுக்குக் கொண்டை வெளுத்துவிட்டது.

"சிங்கத்தையா வீட்டுக்குக் கூப்பிட்டே? பவளம், நாம கோழி."

"நாம கோழிங்கறது நமக்குத் தெரியும். முட்டைக்குள்ள இருக்கறதுங்களுக்கு அது தெரியணும்னா முதல்ல வெளிய வரணும்" என்றது பவளக்கொடி.

சனிக்கிழமை வாழை மரம் கட்டி, மைக் செட் வைத்து, சிவப்பு ரிப்பனும் கட்டினார்கள். விடியற்காலையிலிருந்தே கரண்ட் கங்கை மாதிரி பாய்ந்தது. சிங்கராஜா வந்தார், நகத்தால் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் இன்வெர்ட்டரைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"கரண்ட் போனா விளக்கு எரியவைக்கும் மகாராஜா" என்றது பவளக்கொடி.

"கரண்ட் எங்கே போகும்?"

நரி தன் வாலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மின்தடை, மின்தடைன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் சிங்கராஜா. "எதிரிகள் கிளப்பிவிடற வதந்தின்னு நல்லசிவம் சொல்லியிருக்கான். இந்தக் கோழி என்னடான்னா அதுக்கு ஒரு மெஷினே வாங்கி வெச்சிருக்கு. போகட்டும், பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்." சொல்லிவிட்டுப் புங்கமர நிழலில் நீட்டிப் படுத்தார்.

நரி பவளக்கொடியை மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. "என்னம்மா வேலை செஞ்சு வெச்சிருக்கே? கரண்டை நிறுத்தினா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். நிறுத்தலேன்னா அவர் நகர மாட்டாரு."

"நீங்க எதையும் நிறுத்தாதீங்க சார். கரண்ட் இருக்குன்னு இதுவரைக்கும் யாரையாவது வேலையை விட்டுத் தூக்கியிருக்காங்களா?"

நரி யோசித்துப் பார்த்தது. அப்படி ஒரு முன்னுதாரணம் இல்லை. உடனே மற்ற லைன்களையெல்லாம் பிடுங்கி இந்த லைனுக்குத் திருப்பிவிட்டது.

மதியம் சிங்கராஜா கண் திறந்தார். "கரண்ட் எப்போ போகும்?"

பவளக்கொடிக்கு ஒன்பது வருட அனுபவம் கைகொடுத்தது. "லைன்ல வேலை நடக்குது மகாராஜா. போயிடும்."

அந்தக் குழைவுக்கு யானையே மயங்கியிருக்கிறது, சிங்கம் எம்மாத்திரம். "அவசரமில்ல, மெதுவா போகட்டும்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, "சாப்பாடு?" என்றார்.

வளாகத்தில் அப்போது சாப்பாடு என்று சொல்லத்தக்கவை ஒரு கோழி, ஒரு சேவல், ஐந்து முட்டைகள். சேவல் ஏற்கெனவே மெயின் ஸ்விட்ச் பக்கத்துக் கிளையில் ஏறி இலையோடு இலையாகிவிட்டது.

"வந்துடும்" என்றது பவளக்கொடி.

அதுவும் வந்தது. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று பார்க்க வந்த வண்ணமுத்து, சிங்கத்தைக் கண்டதும் முதலில் பச்சையானது, பிறகு பழுப்பானது, பிறகு பொன்னிறமானது. பொன்னிறமானதுதான் தவறாகப் போயிற்று, பார்க்க வறுத்தது போலிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் நிறத்தோடு ருசியும் மாறியதாகச் சிங்கராஜா பின்னர் பாராட்டினார். இன்வெர்ட்டரின் உத்தரவாதமும் அதோடு உள்ளே போனது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. மற்ற லைன்களில் கரண்ட் சுத்தமாக இல்லாததால், காடு முழுவதும் பவளக்கொடி வீட்டில் மட்டும் விளக்கு எரியும் செய்தி பரவியது. இது அநியாயம் என்று திட்டிக்கொண்டே விலங்குகள் ஒவ்வொன்றாகச் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்தன. "அரை மணி நேரம் போட்டுக்கறேன் பவளம்" என்று மான் வந்தது. "எனக்குப் பத்து சதவீதம் ஏறினா போதும்" என்று காட்டாடு வந்தது. வாசலில் படுத்திருப்பது யாரென்று போனிலிருந்து கண்ணை எடுத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஒரு முயல் மட்டும் சுதாரித்துக்கொண்டது. "மகாராஜா, அந்தக் கிணத்துக்குள்ள உங்களை மாதிரியே இன்னொரு சிங்கம் இருக்கு" என்றது.

"தெரியும். எங்க குடும்பத்துலயும் அந்தக் கதையைச் சொல்லித்தான் குட்டிகளுக்குச் சோறு ஊட்டுவோம்" என்றார் சிங்கராஜா. முயலின் போன் கடைசிவரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமைக்குள் சுவரோரம் பதினொரு போன்கள் நூறு சதவீதம் ஏறி, எடுத்துப் போக ஆளில்லாமல் கிடந்தன. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு முதல் இரண்டு நாள்தான் இருந்தது. அப்புறம் முணுமுணுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பாட்டரியின் விளக்கு பச்சையாகி நாளாகியிருந்தது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. பவளக்கொடி அலுவலகம் போகவில்லை. ராஜா வந்திருக்கும் வீட்டில் இருப்பதற்கு விடுப்பு தேவையில்லை என்று நரியே சொல்லிவிட்டது. பவளக்கொடி பெட்டியை விட்டு அகலாமல் அதன் மூடியில் காதை வைத்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் முதல் ஓடு விரிந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது முட்டை அசையவில்லை. பவளக்கொடி அலகால் மெல்லத் தட்டியது. உள்ளிருந்து சாவதானமாக ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது, பிறகு அந்த ஓடும் விரிந்தது. அது அப்பனைக் கொண்டு பிறந்திருந்தது, வேறொன்றுமில்லை.

ஐந்தும் சேர்ந்து கீச்சென்றன. புங்கமரத்தடியில் சிங்கராஜா தலையைத் தூக்கினார். அன்று சார்ஜ் போட யாரும் வந்திருக்கவில்லை. போன் வைத்திருந்தவர்களில் அநேகமாக யாரும் மிச்சமில்லை. அவர் எழுந்து வந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஐந்து பஞ்சு உருண்டைகள் நடுங்கின.

"சாப்பாடு வந்துடும்னு சொன்னியே" என்றார். "வந்துடுச்சா?"

பவளக்கொடி இறக்கையை விரித்துக் குஞ்சுகளை மூடியது. அந்த நிமிடத்தில் அதற்கு மின்சாரத்தைப் போல வேண்டாத பொருள் உலகில் வேறில்லை. கிளையில் இலையாக இருந்த வீட்டுக்காரரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"தாண்டவராயா, மெயினை இறக்கு."

சேவல் பயத்தில் கிளையிலிருந்து தவறி, மெயின் ஸ்விட்ச் மேலேயே விழுந்தது. அதன் ஆயுளில் அது வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

விளக்கு அணைந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது. இன்வெர்ட்டர் ஒருமுறை கூவியது.

"மகாராஜா, பார்த்தீங்களா? கரண்ட் போயிடுச்சு" என்றது பவளக்கொடி.

சிங்கராஜா பல்பைப் பார்த்தார். குஞ்சுகளை மறந்துவிட்டார்.

"இவ்வளவுதானா? ஒரு கண் சிமிட்டல். இதுக்கா ஒன்பது வருஷமா காடு பூரா கத்துது?" அவருக்கு மக்கள் மேல் கோபம் வந்தது. நரியைக் கூப்பிட்டார். "நல்லசிவம், நீ சொன்னது பொய்தான். மின்தடை இருக்கு. ஆனா ரொம்பச் சின்னது. நானே நேர்ல பார்த்துட்டேன். இதுக்கு எதுக்குத் தனியா ஒரு புகார் மையம்? மூடு. இந்தக் கோழியைக் குகைக்கு அனுப்பு. குரல் நல்லா இருக்கு. மழை, ரோடு, பென்ஷன், எல்லாத்துக்கும் இதுவே பதில் சொல்லட்டும்."

போகும்போது இன்வெர்ட்டரையும் எடுத்துக்கொண்டார். குகையில் கரண்ட் போவதில்லைதான், ஆனால் நல்ல பொருளாக இருக்கிறதே என்றார். நரி பாட்டரியை முதுகில் சுமந்துகொண்டு பின்னாலேயே போனது.

தாண்டவராயன் நொண்டிக்கொண்டே போய் மெயினை ஏற்றியது. பல்பு எரிந்தது. சிங்கத்தின் வால் வளைவில் மறையும்வரைதான் எரிந்தது. அப்புறம் போய்விட்டது.

பவளக்கொடி குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, கழுத்தை வெளியே நீட்டிப் பக்கத்து மரத்தைப் பார்த்தது. சொர்ணத்தின் கூட்டிலும் இருட்டு. மின்மினிகள்கூட வேலைக்கு வரவில்லை.

"அங்கயும் இல்ல" என்றது பவளக்கொடி.

"அப்பாடா" என்றது சேவல்.

அடுத்த ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, குஞ்சுகளில் மூத்தது முதல் முட்டை இட்டு ஒரு வாரம் ஆகியிருந்தபோது, பவளக்கொடியின் அடைகாப்பு விடுப்பை ஆமை அனுமதித்துக் கையெழுத்திட்டது. அன்று காலை ஒன்பது மணி முதல் அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லை.

நீதி: மின்தடைக்குச் சிறந்த மாற்று ஏற்பாடு, மின்தடையைப் பார்த்தே இராதவரை விருந்துக்கு அழைப்பதுதான். விருந்து யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்க.